ஓடு உடைபடும் ஊர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை 80 கிலோ மூட்டையாக வருகிறது. உடைத்துத் தொலி உரித்தால் அதில் 20, 22 கிலோ பருப்பு தேறும். தேறினால் நல்ல சரக்கு. மிச்சமெல்லாம் ஓடும் தொலியும். அந்த ஓட்டுக்கும் சேர்த்துத்தான் கப்பல் கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, இன்சூரன்ஸ் எல்லாம். முக்கால்வாசி கழிவாகப் போகிற ஒரு பொருளை எதற்குக் கடல் கடந்து கொண்டுவந்து உடைக்க வேண்டும், விளைந்த ஊரிலேயே உடைத்துப் பருப்பை மட்டும் அனுப்பக் கூடாதா என்று எந்த மளிகைக்கடைக்காரரும் கேட்பார். மொசாம்பிக் நாடும் இதையேதான் கேட்டது. கேட்டதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

முந்திரிக்குச் சொந்த ஊர் பிரேசிலின் வடகிழக்குக் கரை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் அதை ஒரு பக்கம் கோவாவுக்கும் மலையாளக் கரைக்கும், இன்னொரு பக்கம் மொசாம்பிக் கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தன. மணலிலும் உப்புக்காற்றிலும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பிழைத்துக்கொள்ளும் மரம் அது. மொசாம்பிக்கில் இன்றும் பெரிய தோட்டங்கள் குறைவு. குடிசைக்குப் பின்னால் ஐந்து மரம், சோளக்கொல்லை வரப்பில் பத்து மரம் என்றுதான் நிற்கும். பழத்தைப் பிழிந்து அங்கே சாராயம் காய்ச்சினார்கள், கோவாவில் ஃபெனி இறக்கினார்கள். பழத்தின் அடியில் தொங்கும் கொட்டை மட்டும் பல தலைமுறைகளுக்கு வணிகர்கள் கண்ணில் பெரிதாகப் படவில்லை.

காரணம் ஓடுதான். ஓட்டின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சிறு சிறு அறைகளில் ஒரு கரிய எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோல் கறுத்து, கொப்புளித்து, உரிந்துவிடும். சுட்டால் வரும் புகை கண்ணைக் கரிக்கும். பருப்பில் ஒரு சொட்டு பட்டாலும் விலை போகாது. பிரேக் பட்டைக்கும் பெயின்டுக்கும் பிசினுக்கும் இந்த எண்ணெய் உதவும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள், அதற்கும் ஒரு சந்தை உண்டானது. ஆனால் உடைக்கிறவர் கைக்கு அது என்றைக்கும் அமிலம்தான். முந்திரி எங்கே விளைகிறது என்பதைவிட, அந்த அமிலத்தில் கை வைக்க எந்த ஊரில் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்பதே அதன் பயணத்தை முடிவு செய்தது.

1920களில் அப்படிக் கிடைத்த ஊர் கொல்லம். வாங்குகிறவர் அமெரிக்கர். காற்றுப் புகாத தகரப் பெட்டியில் அடைக்கும் முறை வந்ததும் பருப்பு நியூயார்க் வரை கெடாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் நம் கரையோரத்து விளைச்சல் மார்ச்சில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். வருஷம் முழுக்க ஆலை ஓட அது போதாது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மொசாம்பிக்கிலும் அன்றைய தங்கனீக்காவிலும் கொட்டை விழுவது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. இங்கே ஆலை சும்மா கிடக்கும் நேரத்தில் அங்கே அறுவடை. மொசாம்பிக் கிராமங்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி வணிகர்கள் துணிக்கும் உப்புக்கும் மாற்றாகக் கொட்டையை வாங்கிச் சேர்த்தார்கள். எந்தத் திட்டக் கமிஷனும் வரைந்து கொடுக்காத ஒரு பாதை, இரண்டு பருவகாலங்களுக்கு நடுவே தானாக உருவானது.

ஆலைக்குள் நடந்தது இதுதான். கொட்டையைச் சூடான உருளையில் வறுப்பார்கள் ஆண்கள். வறுத்ததைத் தரையில் குவித்து வைத்துச் சாம்பல் தூவி, குந்தி உட்கார்ந்து, கல்லின் மேல் ஒவ்வொரு கொட்டையாக நிறுத்தி மரச்சுத்தியால் தட்டுவார்கள் பெண்கள். தட்டு பலமாக விழுந்தால் பருப்பு உடையும். மெதுவாக விழுந்தால் ஓடு பிளக்காது. உடைத்த பருப்பு ‘போர்மா’ என்று தொழிலில் சொல்லப்படும் உலர்த்தும் அறைக்குப் போகும். உலர்ந்து வந்ததைச் சிறு கத்தியால் சீண்டி, செந்தொலியை உரித்தெடுப்பது இன்னொரு கூட்டம். அதன் பிறகு தரம் பிரிப்பு. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கிறது என்பதை வைத்து டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று எண் போட்டார்கள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலை அதிகம். இரண்டாகப் பிளந்தது ஒரு விலை, நொறுங்கியது இன்னொரு விலை. கூலியும் கிலோ கணக்கில்தான்.

கொல்லத்துப் பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு வரலாற்றாசிரியர் அன்னா லிண்ட்பெர்க் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார். அமிலம் படும் உடைப்புப் பகுதியில் பெரும்பாலும் தலித் பெண்கள் இருந்தார்கள். தொலி உரிப்பும் தரம் பிரிப்பும் சாதியில் மேலே இருந்தவர்களுக்குப் போயின. உலகச் சந்தை என்று நாம் சொல்லும் பெரிய சங்கதி உள்ளூரில் எதன் மேல் கால் ஊன்றி நின்றது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கேரளத்தில் சங்கம் வலுத்துக் குறைந்தபட்சக் கூலி உயர்ந்ததும், முதலாளிகள் எல்லையைத் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தார்கள். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து ‘அண்டி ஆபீஸ்’களில் பல அப்படி முளைத்தவை. கொட்டை எல்லை தாண்டுவதற்கு முன்பே கூலிக் கணக்கு எல்லை தாண்டிவிட்டது.

மொசாம்பிக்கில் ஓடு உடைக்கும் ஆசை காலனி ஆட்சியிலேயே தொடங்கியது. 1960களில் போர்த்துக்கீசியர் அங்கே பெரிய ஆலைகளைக் கட்டி, இத்தாலியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் இயந்திரங்களை இறக்கினார்கள். அந்தப் பத்தாண்டில் உலக முந்திரியில் பாதி அளவுக்கு மொசாம்பிக்கில் விளைந்தது. 1970களின் தொடக்கத்தில் விளைச்சல் வருஷத்துக்கு 2 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் இயந்திரத்துக்குக் கொல்லத்துப் பெண்ணின் கைப்பக்குவம் இல்லை. ஒரே வேகத்தில் அடிக்கும். கொட்டை ஒவ்வொன்றும் ஒரு வளைவு, ஒரு அளவு. முழுப்பருப்பு குறைவாகவும் நொறுங்கல் அதிகமாகவும் விழுந்தன. இந்தக் குறை பின்னால் வாஷிங்டனிலுள்ள உலக வங்கி வரைக்கும் போய், அந்த ஆலைகளுக்கு எதிரான வாதமாகத் திரும்பி வந்தது.

1975இல் சுதந்திரம். போர்த்துக்கீசியர் கூட்டம் கூட்டமாக வெளியேற, கிராமத்துக் கடைகள் மூடின. கொட்டையை வாங்கவும் ஆளில்லை, விற்ற காசுக்குத் துணியும் சோப்பும் வாங்கக் கடையும் இல்லை. 1978இல் ஆட்சியிலிருந்த ஃப்ரெலிமோ கட்சியின் அரசு ஓட்டோடு கொட்டையை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது: நம் ஆலைக்கே எல்லாமும் வரட்டும் என்ற நோக்கம். நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் விவசாயிக்குக் கொடுத்த விலை அடிமட்டம். மரம் வயதாகிப் பட்டுப்போனபோது புதிதாக வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கூடவே ரெனாமோ கிளர்ச்சியாளர்களுடன் உள்நாட்டுப் போர், சாலையிலும் வயலிலும் கண்ணிவெடி. 1992 அக்டோபரில் ரோமில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது முந்திரி விளைச்சல் பழைய உச்சத்தில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியிருந்தது, நாடு உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்தது.

கடன் வேண்டியிருந்தது. கடனோடு நிபந்தனை வந்தது. 1990களின் நடுவில் அரசு தன் முந்திரி ஆலைகளைத் தனியாருக்கு விற்றது; வாங்கியவர்களில் பலர் உள்நாட்டுத் தொழிலதிபர்கள். அவர்கள் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவதற்குள் அடுத்த ஆணை வந்தது. தடை ஏற்கனவே தளர்ந்து ஏற்றுமதி வரியாக மாறியிருந்தது. அந்த வரியையும் ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே போய் ஒழித்துவிட வேண்டும் என்றது உலக வங்கி. 1995இல் மொசாம்பிக்குக்கான உதவித் திட்டத்துக்கே இதை ஒரு கட்டாய நிபந்தனையாக வைத்தது. வரி 20 சதவீதமாகி, பிறகு 14 ஆனது. கொட்டை ஓட்டோடு கப்பலேறியது. போன இடம் இந்தியா.

உலக வங்கியின் வாதத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும், அது முட்டாள்தனமான வாதமில்லை. ஏற்றுமதிக்கு வரி போட்டால் உள்நாட்டில் கொட்டை விலை விழுகிறது. அந்தச் சரிவால் ஆதாயம் பெறுவது சில ஆயிரம் பேர் வேலை பார்க்கும் நகரத்து ஆலைகள். நஷ்டப்படுவது நாடெங்கும் சுமார் 10 லட்சம் விவசாயக் குடும்பங்கள். அந்த ஆலைகளோ பருப்பை நொறுக்கித் தள்ளுகின்றன. ஒரு டன் கொட்டையை அப்படியே விற்றால் கிடைக்கும் டாலர், உடைத்து விற்றால் கிடைப்பதைவிட அதிகம். ஏழை விவசாயியிடம் பிடுங்கி மோசமான ஆலைக்குக் கொடுக்காதீர்கள், கதவைத் திறந்துவிடுங்கள், விலை தானாகக் கிராமத்துக்குப் போய்ச் சேரும் என்றார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

மார்கரெட் மக்மிலன், கேரன் ஹோர்ன் வெல்ச், டானி ரோட்ரிக் ஆகிய மூவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கு போட்டுப் பார்த்தார்கள். கதவைத் திறந்ததால் நாட்டுக்குக் கிடைத்த நேரடிப் பலன் ஆண்டுக்கு 66 லட்சம் டாலர், அதாவது தேசிய வருமானத்தில் 0.14 சதவீதம். நகரத்தில் வேலை போனதால் வந்த நஷ்டம் இதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்தது மிஞ்சிப்போனால் 53 லட்சம் டாலர். முந்திரி வளர்க்கும் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சராசரியாக 5 டாலர் 30 சென்ட். அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 250 ரூபாய். இந்த 5 டாலர் 30 சென்டுக்காக ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. பத்தாயிரத்தைச் சுற்றி வேலை பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் புதிய நூற்றாண்டு பிறக்கும்போது வீட்டில் இருந்தார்கள். வடக்கே அங்கோஷ் மாதிரியான சிறு துறைமுக ஊர்களில் ஆலையை விட்டால் வேறு சம்பளம் தரும் இடமே கிடையாது.

விலை ஏன் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை? நம்புலா மாகாணத்தில் ஒரு விவசாயி கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, உலுக்கிப் பார்த்துவிட்டு, சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார். ஊருக்கு வரும் வியாபாரி ஒருவர், அதிகம் போனால் இருவர். அவர் சொல்வதுதான் விலை, அவர் தராசுதான் தராசு. அந்தச் சாக்கு நக்காலா துறைமுகத்துக் கிடங்குக்குப் போனதும் ஏற்றுமதியாளர் ‘கட்டிங் டெஸ்ட்’ எடுக்கிறார்: ஒரு கிலோ மாதிரியை எடுத்து, ஒவ்வொரு கொட்டையாக நறுக்கி, நல்லது, புள்ளி விழுந்தது, பிஞ்சு, பொக்கு என்று பிரித்து நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணிக்கிறார். 46 பவுண்டா 48 பவுண்டா என்பதில்தான் பேரம். விவசாயிக்கு இப்படி ஒரு சோதனை நடப்பதே தெரியாது. நல்ல கொட்டைக்கும் பொக்குக்கும் அவர் வாங்கியது ஒரே விலை. துறைமுகத்திலும் நிலைமை வேறில்லை; ஓட்டோடு கொட்டை வாங்க உலகத்தில் அன்றைக்கு இருந்த பெரிய கை இந்தியா ஒன்றுதான். உள்நாட்டு ஆலையும் வாங்கும், இந்தியாவும் வாங்கும் என்று இருந்தவரை விவசாயிக்குக் கொஞ்சம் பேரம் பேச இடமிருந்தது. ஆலை மூடியதும் அதுவும் போனது. கதவு திறந்தது, ஆனால் வாசலில் ஒரே ஆள் நின்றார்.

அதைவிடப் பெரிய விஷயம் மரத்தின் வயது. முந்திரிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று முதல் ஐந்து வருஷம். நல்ல மகசூல் அதற்கும் பிறகு. சாம்பல் நோய் விழுந்த மரத்துக்குக் கந்தகம் தூவுவதற்கும் முன்பணம் வேண்டும். இன்றைய விலை இன்னும் ஏழு எட்டு வருஷம் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் எவரும் மண்வெட்டியைத் தூக்க மாட்டார். மொசாம்பிக் விவசாயி பார்த்ததெல்லாம் என்ன? காலனி ஆட்சியில் ஒரு விதி, 1978இல் ஒரு விதி, 1991க்குப் பிறகு ஒரு விதி, 1995இல் இன்னொன்று, அதையும் மாற்றச் சொல்லித் தலைநகர் மபூட்டோவில் ஊர்வலம். கையில் 5 டாலர் அதிகம் வந்ததை அவர் வாங்கிக்கொண்டார், கன்று வைக்கவில்லை. அந்தச் சீர்திருத்தத்தின் உண்மையான தோல்வி இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆலை மூடியது வெளியே தெரிந்த காயம், படம் பிடித்துப் போட்டார்கள். வைக்கப்படாத கன்றுகளை யார் படம் பிடிப்பது?

1997 பிப்ரவரியில் உலக வங்கித் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் மபூட்டோவுக்கு வந்தபோது ஆலைக்காரர்களும் தொழிற்சங்கத்தினரும் ஒரே குரலில் முறையிட்டார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேடையில் நிற்பது அங்கேயும் அபூர்வம்தான். மறு ஆய்வுக்கு உத்தரவானது. டெலாய்ட் நிறுவனம் அதே ஆண்டில் கொடுத்த அறிக்கை, இந்தக் கொள்கையைக் கைவிடுவதே நல்லது என்ற பக்கம் சாய்ந்தது. 1999இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் துணிந்து, ஓட்டோடு போகும் கொட்டைக்கு 18 முதல் 22 சதவீதம் வரை வரி என்று சட்டம் இயற்றியது. வாஷிங்டன் முறைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுக்கொடுத்தது. அதற்குள் பழைய ஆலைகள் பலவும் மீள முடியாத இடத்துக்குப் போய்விட்டன.

பக்கத்து நாடான தான்சானியாவின் கதை இதற்கு ஒரு வேடிக்கையான முன்னுரை. 1970களில் உலக வங்கிக் கடனை வாங்கி அங்கே முந்திரி ஆலைகளைக் கட்டினார்கள். கட்டி முடிக்கும் நேரத்தில், விவசாயிகளைக் கூட்டுக் கிராமங்களுக்குக் குடிபெயர்த்ததில் தோப்புகள் கவனிப்பாரற்றுப் போக, ஆலைக்குக் கொட்டையே வரவில்லை. ஆக மொத்தம் ஒரு பத்தாண்டில் ஆலை கட்டக் கடன். அடுத்த நாட்டில், அடுத்தடுத்த பத்தாண்டில், ஆலை தேவையில்லை என்று நிபந்தனை. தான்சானியாவின் அந்தக் கட்டடங்களில் சில பின்னால் கிடங்குகளாக உதவின. உள்ளே என்ன இருந்தது என்றால், இந்தியாவுக்குப் போகக் காத்திருக்கும் ஓட்டோடு கூடிய கொட்டை.

சரி, கொட்டை வந்து சேர்ந்த நம் பக்கம் என்ன நடந்தது? வேலை கிடைத்தது, அதை மறுக்க முடியாது. கொல்லத்திலும் கன்னியாகுமரியிலும் பல லட்சம் பெண்கள் இந்தக் கொட்டையில் குடும்பம் நடத்தினார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்த பிறகு, பண்ருட்டிக்காரர்களும் ஆப்பிரிக்கக் கொட்டையை அதிகமாக நம்ப வேண்டியதாயிற்று. ஆனால் கூலி குறைவாக இருப்பதால் வந்த தொழில், அதே காரணத்துக்காகவே கிளம்பியும் போகும். வியட்நாம் 2006 வாக்கில் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. ஆரம்பத்தில் கையால் உடைத்த அவர்கள், இத்தாலியர்கள் அன்று கோட்டை விட்டதைச் செய்து காட்டினார்கள்: கொட்டையை அளவு வாரியாகப் பிரித்து, முழுப்பருப்பைச் சிதைக்காமல் வெட்டும் தானியங்கி இயந்திரங்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். கேரளத்தில் 2015இல் கூலி உயர்ந்தது, கொட்டை விலை ஏறியது, வங்கிக் கடன் வாராக்கடனானது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடின. அங்கோஷில் நடந்தது கொல்லத்திலும் நடந்தது.

அந்த நேரத்தில் இந்திய அரசு என்ன செய்தது என்பதை மொசாம்பிக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. 2016 பட்ஜெட்டில், உள்நாட்டு முந்திரி விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று, இறக்குமதியாகும் கொட்டைக்கு 5 சதவீத வரி போட்டார்கள். ஆலைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், எம்.பி.க்கள் டெல்லிக்கு நடந்தார்கள், 2018 பட்ஜெட்டில் அது 2.5 சதவீதமானது. 2019இல் வெளிநாட்டுப் பருப்பு உள்ளே வராமலிருக்க, பருப்புக்கான சுங்க வரியை 45 சதவீதத்திலிருந்து 70க்கு ஏற்றினார்கள். விவசாயியா ஆலையா என்ற அதே இழுபறிதான். 5 சதவீதம் சரியா, 70 நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் போட்டவர்களும் நாமே, திட்டியவர்களும் நாமே, இரண்டு வருஷத்தில் திருத்தியவர்களும் நாமே. மொசாம்பிக் இதே அளவு திருத்தத்தைச் செய்ய, வேறொரு கண்டத்திலிருந்த அலுவலகத்தின் சம்மதத்துக்காக நாலைந்து வருஷம் காத்திருந்தது. ஏழை நாடுகளின் வளர்ச்சி பற்றிய பேச்சில் வரி வேண்டுமா வேண்டாமா என்றே மல்லுக்கட்டுகிறோம். தப்பு என்று தெரிந்ததும் திருத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஓட்டோடு வந்தால் 2.5 சதவீதம், உடைத்து வந்தால் 70. பச்சைப் பொருளைக் கொண்டு வா, பதப்படுத்திக் கொண்டுவராதே என்று ஒரு காலத்தில் பிரிட்டன் நம் பருத்திக்குச் சொன்னதைத்தான் நாம் இன்று ஆப்பிரிக்க முந்திரிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மார்த்தாண்டத்தில் தொலி உரிக்கும் பெண்ணின் வேலையைக் காப்பாற்றும் வரி அது என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருப்பதுதான் சங்கடம்.

மொசாம்பிக்கில் 2000களில் ஓடு உடைக்கும் தொழில் இன்னொரு உருவத்தில் எழுந்தது. இந்த முறை பெரிய ஆலையோ இத்தாலிய இயந்திரமோ இல்லை. நம்புலாவின் சிற்றூர்களில் சில நூறு பேர் வேலை பார்க்கும் சிறு கூடங்கள், கொட்டையை நீராவியில் வேகவைத்து, கைப்பிடியும் மிதியும் வைத்த வெட்டுக் கருவியில் உடைக்கும் இந்தியப் பாணி. ஏற்றுமதி வரியில் கிடைத்த பணத்தில் முந்திரிக்கான அரசு நிறுவனம் கன்று கொடுத்தது, நோய்க்கு மருந்து தெளித்தது. பல ஆயிரம் பேருக்கு மறுபடி வேலை கிடைத்தது. வாங்குவதற்கு உள்ளூரிலேயே இரண்டாவது ஆள் வந்ததால் கொட்டை விலையிலும் அசைவு தெரிந்தது. பிறகு வியட்நாமின் இயந்திரங்கள் போட்ட போட்டியில் அவற்றிலும் சில மூடிவிட்டன. நேர்கோட்டில் போகிற கதை இதில் எங்கேயும் இல்லை.

இன்றைக்கு முந்திரியின் தலைநகரம் மேற்கு ஆப்பிரிக்கா. ஐவரி கோஸ்ட்டின் வடக்கில் 1960களில் மண் அரிப்பைத் தடுக்கவும் காடு வளர்க்கவும் வைத்த மரம், இப்போது வருஷத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் கொட்டை தருகிறது. உலகத்தில் அதுதான் முதலிடம். ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பான அங்டாட் 2021இல் சொன்ன கணக்குப்படி, உலகக் கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது, அதில் அங்கேயே உடைபடுவது 15 சதவீதத்துக்கும் குறைவு. ஐவரி கோஸ்ட் இதை மாற்றக் கிளம்பியிருக்கிறது. உள்ளூரில் உடைத்து ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோ பருப்புக்கும் ஆலைக்கு 400 சி.எஃப்.ஏ. ஃப்ராங்க் மானியம் அறிவித்தது. 1989இல் நைஜீரியாவிலிருந்து இந்தியாவுக்கு ஓட்டோடு கொட்டை அனுப்பித் தொழில் தொடங்கிய ஓலம் நிறுவனம், 2012இல் ஐவரி கோஸ்ட்டின் புவாக்கே நகரில் பெரிய உடைப்பாலை கட்டியது. இப்போது அந்நாட்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே உடைபடுகிறது.

2018இல் இந்த முயற்சிக்கு 20 கோடி டாலர் கடன் கிடைத்தது. முந்திரியை உள்நாட்டிலேயே பதப்படுத்தும் திறனை வளர்ப்பது அந்தத் திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. கொடுத்தது உலக வங்கி.

பெனின் நாடு அந்தக் கடன் வழிக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2024 ஏப்ரல் முதல் ஓட்டோடு முந்திரி ஏற்றுமதி கிடையாது என்று அறிவித்து, குளோ-ஜிக்பே என்ற இடத்தில் தொழிற்பேட்டை அமைத்து அங்கே உடைக்கிறது. ஏற்றுமதியை அடியோடு தடுப்பதை உலக வர்த்தக விதிகள் ஏற்பதில்லை, வரி போட்டால் மட்டும் பொறுத்துக்கொள்ளும். பெனினின் தடை நிற்குமா என்பது யாராவது வழக்குப் போட்டால்தான் தெரியும். பெனின் கொட்டையை நம்பியிருந்த நம்மூர் ஆலைகள் இனி கானாவிலோ கினி-பிஸாவிலோ சரக்குத் தேட வேண்டும், அல்லது அங்கே போய் ஆலை வைக்க வேண்டும். அப்படி வைத்தால், அங்கே உடைத்த பருப்பைத் தூத்துக்குடியில் இறக்கும்போது 70 சதவீதம் என்று எழுதிய அந்த வரிப் பட்டியல் குறுக்கே நிற்கக்கூடும்.